திருப்பித் தராத சொம்பு

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆஸ்திரேலியாவில் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும், கனடாவில் காலைக் காப்பியோடு வந்திருப்பவர்களுக்கும் நன்றி. நான் இரவுப் பணி முடித்து, தூங்கி எழுந்து நேராக இங்கே வந்திருக்கிறேன். நடுவில் கொட்டாவி விட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் ஆய்வாளர் இல்லை. நர்சிங் டிப்ளமோ படித்தவள். பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல், கே.ஜி.எஃப். இப்போது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், பிளிமத்தில் வேலை பார்க்கிறேன். சில சிறுகதைகள் எழுதியிருக்கிறேன். இன்று பேசப்போவது கதையைப் பற்றியும் பதிவேட்டைப் பற்றியும். எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைக்காரரைப் பற்றிய கதை இருந்தது. அவரைத் தேடி ஆறு வருடம் அலைந்தேன். கண்டுபிடித்தேனா என்று கேட்டால், கண்டுபிடித்தேன். ஆனால் தேடப் போனது ஒன்று, கையில் கிடைத்தது இன்னொன்று.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். இது ஆயா சொன்னது. ஆயா என்றால் என் அம்மாவின் அம்மா. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போனவர்கள் நாங்கள், எங்களுக்குப் பாட்டி ஆயாதான்.

ஆயாவின் தாத்தா ஒரு வெள்ளைக்காரத் துரை. கேப்டன். இடுப்பில் வாள் இருந்தது. பேர் திருத்துரை. கே.ஜி.எஃபில் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்தார், சர்ச்சில் வைத்துத் தாலி கட்டினார். ஒரு பையன் பிறந்தான், அவர்தான் ஆயாவின் அப்பா. பையனுக்கு இரண்டு வயதாகும்போது சீமையிலிருந்து தந்தி வந்தது, அம்மா சாகக் கிடக்கிறாள் என்று. மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறினார். அந்தப் பெண் வழியனுப்பப் போனாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் கிளம்பிவிட்டது. போன கப்பல் கடலில் முழுகிவிட்டது. இல்லாவிட்டால் கட்டாயம் திரும்பி வந்திருப்பார்.

கடைசியில் ஆயா ஒரு வரி சேர்த்துக்கொள்வார்: "சொம்பைக் கூடத் திருப்பித் தர்ல, துரை."

நாங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஆயா சிரிக்கமாட்டார்.

இந்தக் கதை எங்கள் வீட்டில் எப்போதெல்லாம் வெளியே வரும் என்பது முக்கியம். பெண் பார்க்க வரும்போது வரும். புதிதாக யாராவது வீட்டுக்கு வந்து, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்கும்போது வரும். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கே.ஜி.எஃப் என்று சொன்னால், "அதுக்கு முன்னாடி?" என்பார்கள். அந்த "அதுக்கு முன்னாடி"க்கு எங்கள் வீட்டில் பதில் கிடையாது. பதிலுக்குப் பதிலாக ஒரு கேப்டன் இருந்தார். பெரிய மாமா தன் மூக்கைத் திருப்பிக் காட்டுவார். என் தங்கையின் நிறத்தைக் காட்டுவார்கள். நான் கறுப்பு, என்னைக் காட்டமாட்டார்கள்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். நூற்றிருபது வருட வேலை ஒரு நாளில் முடிந்தது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பிறகு வளைகுடா, பிறகு இங்கிலாந்து. பிளிமத்துக்கு வந்தது தற்செயல்தான். காலிப் பணியிடம் அங்கே இருந்தது, அவ்வளவே.

வந்த முதல் வாரம் ஒரு கடைக்கண்ணாடிக்குள் கார்னிஷ் பேஸ்டியைப் பார்த்தேன். நம் சோமாசியைப் பெரிதாக்கி, உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீட் என்கிற மஞ்சள் கிழங்கு எல்லாம் வைத்து ஓரத்தைக் கயிறுபோல் முறுக்கியிருப்பார்கள். அதே பாதி நிலா. ஆயா கிறிஸ்துமஸுக்குச் செய்வார், "பாஸ்டி" என்பார். ஆயா பச்சைமிளகாய் போடுவார், இவர்கள் போடுவதில்லை. தெருவில் நின்று தின்றுகொண்டே அழுதேன். ஆனால் அது ஆதாரம் அல்ல. கே.ஜி.எஃபில் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறையில் வேலை செய்த எந்தக் குடும்பத்திலும் பாஸ்டி உண்டு.

பிளிமத்தின் மேற்கு எல்லையில் டேமர் என்று ஒரு ஆறு ஓடுகிறது. அந்தக் கரை கார்ன்வால். 1859ல் புரூனல் கட்டிய ரயில் பாலம் குறுக்கே நிற்கிறது. இங்கே இருப்பவர்களுக்குக் கே.ஜி.எஃப் என்றால் சினிமாதான் நினைவுக்கு வரும் என்பதால் கார்ன்வாலுக்கும் அதற்கும் உள்ள தொடர்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்ன்வால் தகரமும் செம்பும் தோண்டிய நாடு. 1866ல் செம்பு விலை சரிந்தது, சுரங்கங்கள் வரிசையாக மூடின. ஆண்கள் ஆஸ்திரேலியா, மெக்ஸிகோ, தென்னாப்பிரிக்கா என்று கிளம்பினார்கள். 1861க்கும் 1901க்கும் நடுவில் ஒவ்வொரு பத்து ஆண்டிலும் அங்கிருந்த ஆண்களில் சுமார் ஐந்தில் ஒருவர் வெளிநாடு போனார். உலகத்தில் எங்கே குழி இருந்தாலும் அடியில் ஒரு கார்ன்வால்காரர் இருப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் கோலாரில் பொறுப்பெடுத்தது. மேற்பார்வைக்கும் திறன்வேலைக்கும் கார்ன்வால்காரர்களைக் கூட்டி வந்தார்கள். தோண்டவும் சுமக்கவும் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து தமிழர்கள் போனார்கள். பெரும்பாலும் தலித்துகள்.

ஆக, ஒரு கார்ன்வால்காரர் எங்கள் குடும்பத்துக்குள் வந்திருக்க முடியும். முடியும் என்பது ஒன்று, வந்தார் என்பது வேறு.

நர்ஸ் வேலையில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது, எழுதாதது நடக்காதது என்பது. மருந்து கொடுத்தேன் என்று வாயால் சொன்னால் செல்லாது, சார்ட்டில் கையெழுத்து வேண்டும். இரண்டாவது பாடம் நோயாளியிடம் ஹிஸ்டரி எடுப்பது. அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுது, திருத்தாதே, எது சம்பந்தம் எது சம்பந்தமில்லை என்று முன்கூட்டியே தீர்மானிக்காதே. இந்த இரண்டு பாடமும் ஒன்றுக்கொன்று முரண். ஆனால் வார்டில் இரண்டும் வேண்டும். வம்சம் தேடும்போதும் அப்படித்தான்.

ஆயா அப்போது உயிரோடு இல்லை. அம்மா, பெரிய மாமா, சின்ன மாமா, சித்தி, ஆயாவின் கடைசித் தங்கை என்று ஐந்து பேரிடம் தனித்தனியாகப் போனில் கேட்டு, அப்படியே எழுதினேன். ஐந்து கதை கிடைத்தது. ஒன்றில் வாள் உண்டு, ஒன்றில் குதிரை. கப்பல் ஒருவருக்குச் செங்கடலில் முழுகியது, ஒருவருக்கு லண்டனுக்குப் பக்கத்தில். சர்ச் கல்யாணத்தை மாமாக்கள் சொன்னார்கள், ஆயாவின் தங்கை சொல்லவில்லை. ஐவரும் ஒரே மாதிரி சொன்னவை மூன்று: கேப்டன், திருத்துரை, சொம்பு. எல்லோரும் ஒரே மாதிரி விட்டுவிட்டது ஒன்று. அந்தப் பெண்ணின் பெயர். கேட்டேன். "அவ பேரா? தெரியலியேம்மா" என்றார்கள், ஐந்து பேரும்.

கேப்டன் என்பது முதலில் விடுபட்டது. கார்ன்வால் சுரங்கத்தில் கேப்டன் என்றால் பட்டாளம் இல்லை, கப்பல் இல்லை. சுரங்க மேற்பார்வையாளரைத்தான் கேப்டன் என்பார்கள். வாளும் குதிரையும் நாங்கள் மாட்டிவிட்டது.

அடுத்தது திருத்துரை. அது ஏதோ மரியாதைச் சொல் என்று நினைத்திருந்தோம். கார்ன்வால் ஆட்களின் குடும்பப் பெயர்களில் பல டிரெ, போல், பென் என்று தொடங்கும். டிரெ என்றால் அவர்களுடைய பழைய மொழியில் பண்ணைவீடு, குடியிருப்பு. போல் குளம். பென் தலை அல்லது முனை. பழைய ஊர்ப் பெயர்கள்தான் ஆட்பெயர் ஆகியிருக்கின்றன. எங்கள் ஆட்கள் காதில் "டிரெ" விழுந்தது, வாயில் "திரு" வந்தது. அந்தக் குடும்பத்தினர் இன்றும் இருப்பதால் முழுப்பெயரை இங்கே சொல்லவில்லை.

இதிலும் ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய பெயரிலேயே அவருடைய ஊர் இருக்கிறது. "சொந்த ஊர் எது?" என்று அவரை யாரும் கேட்க வேண்டியதில்லை.

பிறகு பதிவேடு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியச் சர்ச்சுகளின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வங்கத்துக்கு என் 1, மதராஸுக்கு என் 2, பம்பாய்க்கு என் 3 என்று வரிசை எண். பெரும்பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம். ஆனால் இதில் இருப்பது பெரும்பாலும் ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும். நம் ஆட்களைத் தேட வேண்டுமானால் உள்ளூர்ச் சர்ச்சின் சொந்த ரிஜிஸ்டரைத்தான் பார்க்க வேண்டும்.

கிறிஸ்தவப் பெயர், அப்பா பெயர், கே.ஜி.எஃப் என்று போட்டு, எழுத்தை மாற்றி மாற்றித் தேடினேன். பல மாதம். கடைசியில் ஒரு நாள் காலை நான்கு மணிக்கு, பணி இடைவேளையில் போனில் கிடைத்தது. 1895. ஒரு ஆண் குழந்தை. அந்தப் படிவத்தில் ஒரு கட்டத்தின் தலைப்பு, "பிறந்ததாகச் சொல்லப்படும் நாள்". சொல்லப்படும்! அரசாங்கப் பதிவேடும் வாய்க்கதையை நம்பித்தான் நிற்கிறது. அப்பா கட்டத்தில் டிரெ என்று தொடங்கும் முழுப்பெயர். தொழில்: சுரங்கத் தொழிலாளி. கேப்டன்கூட இல்லை.

அம்மா கட்டத்தில், "மேரி". அவ்வளவுதான். அப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஞானஸ்நானத்தில் கொடுத்த ஒரு பெயர், அந்தக் காலத்தில் நூற்றில் இருபது பெண்ணுக்காவது இருந்திருக்கக்கூடிய பெயர். திருமணப் பதிவு எவ்வளவு தேடியும் இல்லை.

ஏன் இல்லை என்பது ஆற்றுக்கு அக்கரையில் தெரிந்தது. ரெட்ரூத்தில் பழைய பீர் ஆலை ஒன்றைப் புதுப்பித்து, 2019ல் கார்ன்வாலின் ஆவணக் காப்பகத்தைத் திறந்தார்கள். கிரெசென் கெர்னோ என்று பெயர். பிளிமத்திலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். என் விடுமுறை நாட்களில் பாதி அங்கேதான் கழிந்தது. இங்கிலாந்தில் 1837 ஜூலையிலிருந்து பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசு பதிவு செய்கிறது. பத்து வருடத்துக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கு, வீடு வீடாக, பெயர் பெயராக. நூறு வருடம் கழித்து எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள்.

1881 கணக்கில் கேம்போர்ன் ஊரில் அவர் இருக்கிறார். வயது 19, தகரச் சுரங்கத் தொழிலாளி. 1885ல் திருமணம். 1886ல் மகன். 1891ல் அந்த வீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் மட்டும். குடும்பத் தலைவர் என்று யாரும் இல்லாமல், அவள் பெயருக்கு எதிரே "மனைவி" என்று மட்டும் எழுதியிருக்கிறது. 1901ல் அவர் திரும்ப வந்திருக்கிறார். இரண்டு வயதில் இன்னொரு குழந்தையும் இருக்கிறது.

கப்பல் முழுகவில்லை.

காப்பகத்தில் பென்சில் மட்டும்தான் அனுமதி. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது. ஆயாவுக்காகக் கோபம். அந்த 1891 வரியை மறுபடி பார்த்தேன். தலைவர் இல்லாத வீட்டில் ஒரு மனைவி, கடல் கடந்து வரும் பணத்துக்குக் காத்துக்கொண்டு. கார்ன்வாலில் அப்போது தெருவுக்குத் தெரு இப்படிப் பெண்கள் இருந்தார்கள். நான் வளைகுடாவில் மூன்று வருடம் இருந்தபோது என் மகள் ஊரில் அம்மாவிடம் வளர்ந்தாள். அந்த வருடங்களில் ஒரு கணக்கெடுப்பு நடந்திருந்தால் அவள் வரி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். கோபம் போகவில்லை. ஆனால் அந்தப் பெண்மேல் போக முடியவில்லை.

இறப்புச் சான்றிதழை விண்ணப்பித்து வாங்கினேன். 1908, வயது 46. காரணம்: தைசிஸ். உடல் உருகும் நுரையீரல் நோய்க்கு அந்தக் கால மருத்துவர்கள் எழுதிய சொல். பொதுவாகக் காசநோய் என்று எடுத்துக்கொள்வோம். ஆனால் சுரங்கத் தொழிலாளி என்றால் ஒரு நர்ஸ் அங்கே நின்றுவிடுவாள். பாறையைத் துளைக்கும் எந்திரம் வந்தபிறகு உலர்ந்த கல்தூள் புகைபோல் கிளம்பியது. அதில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து, தழும்பாகி, மூச்சை இறுக்கும். கேம்போர்னின் டோல்கோத் சுரங்கத்தில் ஆட்கள் வெளிறிச் சோர்ந்து போவதை ஆராய 1902ல் ஜான் ஹால்டேன் என்ற விஞ்ஞானி வந்தார். காரணம் கொக்கிப்புழு. வெப்ப நாட்டுச் சுரங்கங்களுக்குப் போய் வந்தவர்கள் மூலம் வந்தது என்று தெரிந்தது. 1904ல் அவரும் உடனிருந்தவர்களும் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளரின் உடல்நிலை பற்றி அறிக்கை கொடுத்தார்கள். இளம் வயதில் ஆட்களைக் கொல்வது கல்தூசி என்று அதில் இருந்தது. துளைக்கும்போது தண்ணீர் பீய்ச்ச வேண்டும் என்றார்கள்.

1940களில் கோலாரில் அதே பரிசோதனை நடந்தது. பார்க்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. என் தாத்தா, ஆயாவின் கணவர், சுரங்கத்தில் துளை போட்டவர். நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். கடைசி இரண்டு வருடம் படுக்க முடியாமல், தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தே தூங்கினாராம். அம்மாதான் பார்த்துக்கொண்டார்.

இவ்வளவும் காகிதம். காகிதத்தில் இருப்பவர் என் எள்ளுத் தாத்தாதான் என்பதற்கு என்ன உறுதி? அதனால் டி.என்.ஏ பரிசோதனை செய்தேன். எள்ளுத் தாத்தா, எள்ளுப் பாட்டி என்று அந்தத் தலைமுறையில் நமக்குப் பதினாறு பேர். ஒருவரிடமிருந்து வருவது சராசரியாக 6.25 சதவீதம். எனக்கு ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே ஐரோப்பியத் தொடர்பு என்று வந்தது. இந்தச் சதவீதம் சுவரில் மாட்டத்தான் உதவும். நிஜமாக உதவுவது, அதே பரிசோதனை செய்தவர்களில் யாரோடு உங்கள் டி.என்.ஏ பொருந்துகிறது என்ற பட்டியல். அதில் கேம்போர்னுக்குப் பக்கத்தில் வசிக்கும் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மையார் இருந்தார். 1886ல் பிறந்த அந்த மகனின் பேத்தி.

ஆங்கிலத்தில் இந்த உறவுக்கு "ஹாஃப் செகண்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்" என்று பெயர். ஏதோ உதிரிபாகம் மாதிரி இருக்கும். நம் முறையில் போட்டுப் பாருங்கள். அவருடைய தாத்தாவும் ஆயாவின் அப்பாவும் ஒரு தகப்பன் பிள்ளைகள். அப்படியென்றால் அவருடைய அப்பா ஆயாவுக்குத் தம்பி முறை, என் அம்மாவுக்குத் தாய்மாமன். மாமன் மகள் அம்மாவுக்கு நாத்தனார் முறை. எனக்கு? அத்தை.

அத்தைக்கு எழுதினேன். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு, வாருங்கள், தேநீர் தருகிறேன் என்று ஒரு வரி வந்தது.

சின்னக் கல்வீடு. அவர் எனக்காகப் பழைய படங்களை எடுத்து வைத்திருந்தார். அவர்கள் வீட்டிலும் ஒரு கதை இருந்தது. தாத்தாவின் அப்பா மெதடிஸ்டு சபையில் ஒழுங்கானவர், குடிக்கமாட்டார், இந்தியாவில் எட்டு வருடம் தனியாகக் கஷ்டப்பட்டார், தவறாமல் பணம் அனுப்பினார், நோயோடு திரும்பினார். பொய் என்று சொல்ல முடியாது. பணம் வந்திருக்கும். நோயும் நிஜம். நான் ஞானஸ்நானப் பதிவின் நகலை மேசைமேல் வைத்தேன். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "என் கொள்ளுப் பாட்டி காத்துக்கொண்டிருந்தாள்" என்றார். "என்னுடைய எள்ளுப் பாட்டியும்" என்றேன். அதற்குமேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கிளம்பும்போது, இந்தியாவிலிருந்து அவர் கொண்டுவந்தது இது ஒன்றுதான் என்று ஜன்னல் விளிம்பிலிருந்து ஒன்றை எடுத்தார். உள்ளே காய்ந்த லாவெண்டர் பூ. பித்தளைச் சொம்பு.

எனக்குக் கால் நிற்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

கழுத்துக்குக் கீழே ஏதோ வேலைப்பாடு இருக்கிறது, இந்தியச் சித்திரம்போல என்றார் அத்தை. திருப்பினேன். சித்திரம் இல்லை. நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டிக்கொள்வோமே, உளியால் புள்ளி புள்ளியாக, அதுதான். பல எழுத்து மழுங்கிவிட்டது. ஒரு காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். கடைசி மூன்று எழுத்து மட்டும் ஏறியது: ம, மா, ள. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் வெட்டியிருந்தார்கள். படித்தால் "ம்மாள்".

ஏதோ ஒரு அம்மாள். முன்னால் இருந்த எழுத்துகள் போய்விட்டன. எப்படிப் போயின என்று அத்தையே சொன்னார். கொள்ளுப் பாட்டி ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைப் பாலிஷ் போட்டுத் துடைப்பாராம். பிறகு அத்தையின் பாட்டி, பிறகு அம்மா, பிறகு அத்தை. நூறு வருடத்துக்கு மேல் அந்தக் குடும்பத்துப் பெண்கள் அந்தப் பெயரைப் பத்திரமாகத் துடைத்திருக்கிறார்கள்.

எடுத்துக்கொண்டு போ என்றார். இங்கேயே இருக்கட்டும், பாலிஷ் மட்டும் போடாதீர்கள் என்றேன்.

அம்மாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். எழுபதைத் தாண்டியவர். சர்ச் கல்யாணம் இல்லை, கேப்டன் இல்லை, கப்பல் முழுகவில்லை என்று எப்படிச் சொல்வது? பெரிய மாமாவிடம் முதலில் சொன்னேன். "குடும்ப மானத்தை வாங்கத்தான் சீமைக்குப் போனியா?" என்று போனை வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் இரவு மத்தேயு முதல் அதிகாரத்தை அம்மா சத்தமாக வாசிப்பார். இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று போகும் வம்ச வரலாறு. சின்ன வயதில் தூங்கிவிடுவேன். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது விழித்திருந்து கேட்டேன். அந்த நீளமான ஆண்கள் பட்டியலில் மரியாளுக்கு முன்னால் நான்கு பெண்கள் வருகிறார்கள். தாமார், ராகாப், ரூத். நாலாவது பெண்ணுக்குப் பெயர் இல்லை, உரியாவின் மனைவி என்று மட்டும். ஒவ்வொருத்திக்குப் பின்னாலும் குடும்பங்கள் மறைக்க நினைக்கும் ஏதாவது ஒரு கதை. எழுதியவர் மறைக்கவில்லை. நான் தினமும் பார்க்கும் ஆற்றின் பெயரும் தாமாரின் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகள் என்பது அப்போதுதான் உறைத்தது. அது தற்செயல். ஆனால் அன்று ராத்திரியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சொம்பின் படத்தைக் காட்டினேன். அம்மா முதலில் கேட்டது, "சொம்பைத் திருப்பிக் கேட்டியா?"

இறப்புச் சான்றிதழைத் தமிழில் படித்துக் காட்டினேன். கல்யாணத்தைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "மூச்சு வாங்கித்தான் செத்தாரா?" என்றார். ஆமாம்மா என்றேன். "எங்க நைனா மாதிரியே" என்றார்.

பிறகு நான் கேட்டேன். அவர் பதினாறு பேரில் ஒருத்தர். மீதிப் பதினைந்து பேர் யாரும்மா? சொம்பில் பேர் வெட்டினாளே, அவள் எந்த ஊர்? தாத்தா வீட்டு ஆட்கள் எந்த ஊர்? ஆறு வருடமாக நான் ஒருத்தரைத்தான் தேடினேன். வீட்டிலும் ஒருத்தரைப் பற்றித்தான் பேசினோம். அந்த ஒருத்தர் நம்மை விட்டுவிட்டுப் போனவர். இருந்து வளர்த்தவர்களைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?

அம்மாவுக்கு ஏன் என்று தெரியும். எனக்கும் தெரியும். பெண் பார்க்க வந்தவர்களுக்கும் தெரிந்துதான் கேட்டார்கள். கேப்டனைச் சொன்னால் சேரியைச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "குடியாத்தம் பக்கம்" என்று ஆரம்பித்தார். நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக என் ஊரைக் கேட்கிறேன். ஊர்ப் பெயர், ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் சேரி. பஞ்ச காலத்தில் மேஸ்திரி வந்து முன்பணம் கொடுத்து ஏழு குடும்பத்தைக் கூட்டிப்போனது. தாத்தாவின் ஆயா சுரங்கத்துக்கு வெளியே கல் உடைத்தது. கூலி லைனில் ஒரே அறையில் இரண்டு குடும்பம் நடுவில் புடவை கட்டித் தடுத்து இருந்தது. பெயர்கள். அம்மாவுக்கு ஒன்பது பேரின் பெயர் தெரிந்திருந்தது. எல்லாம் ஆயா சொன்னது, வெளியே சொல்லாதே என்று சொல்லிச் சொன்னது. மணி இரண்டரை வரை பேசினார். போனில் பதிவு செய்துகொண்டேன். இங்கே இதைச் சொல்வதற்கும் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். "சொல்லு, இனிமே யார் பொண்ணு பாக்க வரப்போறாங்க?" என்றார்.

அந்த "ம்மாள்" யார் என்பது இன்னும் முழுதாகவில்லை. ஆயாவின் தங்கையிடம் போய், கடைசி எழுத்து இதுதான் என்று படத்தைக் காட்டியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவருக்கு வயது எண்பத்தாறு. கே.ஜி.எஃபில் அந்தச் சர்ச்சின் பழைய ரிஜிஸ்டரைப் பார்க்கவும் அனுமதி கேட்டிருக்கிறேன்.

உங்களில் பலருக்கும் இப்படி ஒரு கேப்டன் இருப்பார். ஜமீன்தாராகவோ, ராஜா வீட்டு வைத்தியராகவோ, கப்பல் வைத்திருந்தவராகவோ இருப்பார். அவரைத் தேடுங்கள், தப்பில்லை, நானும் தேடினேன். ஆனால் இந்த வாரம் ஊருக்குப் போன் பேசும்போது, வீட்டில் யாரும் பேசாத ஒரு பெயரை அம்மாவிடமோ பெரியப்பாவிடமோ கேளுங்கள். சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். பதிவேடு நூறு வருடம் காத்திருக்கும். எண்பத்தாறு வயது காத்திருக்காது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எட்டு மணிக்கு எனக்கு டியூட்டி, அதற்குள் முடித்துக்கொள்வோம்.